பெயரை நீக்கினால் போதுமா?

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் கிளைக்கு ஒரு பெண்மணி வந்தார். பல ஆண்டுகளாக நம் வங்கியின் வாடிக்கையாளர். வீட்டுக்கடன் தவணை இரண்டு மாதங்களாகச் செலுத்தப்படாமல் நின்றிருந்தது. கணவருக்கு டயாலிசிஸ் சிகிச்சை நடைபெறுகிறது என்பதையும், அதனால் செலவு கூடிவிட்டது என்பதையும் மெல்லிய குரலில் கூறினார். தவணைக் காலத்தை மாற்றியமைக்க வழியுண்டா என்று கேட்டார். விதிகளுக்கு உட்பட்டு ஆராயலாம் என்றும், காரணத்தை விளக்கி ஒரு கடிதமும் மருத்துவச் சான்றும் தர வேண்டும் என்றும் தெரிவித்தோம்.

மேசை மீதிருந்த தாளை எடுத்தவர் எழுதாமல் நிறுத்திக்கொண்டார். “சார், நான் எழுதிக் கொடுப்பதை எத்தனை பேர் படிப்பார்கள்?” என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணியில் வட்டி விகிதம் பற்றியும் காப்பீடு பற்றியும் எண்ணற்ற கேள்விகளை எதிர்கொண்டிருக்கிறோம். இக்கேள்வியை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. காரணத்தை விசாரித்தபோதுதான் நடந்தது தெரியவந்தது.

அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கச் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பராமரிப்புக் கட்டணத்தை மூன்று தவணைகளாகச் செலுத்த அனுமதி வேண்டும் என்பதே அதன் சாரம். கணவரின் உடல்நிலை, சிகிச்சைக்குச் செல்லும் நாட்கள், மகனுடைய வேலை போனது ஆகிய அனைத்தையும் அதில் எழுதியிருந்தார். செயலர் நல்லவர். ‘நம்மிடையே ஒரு குடும்பம் துன்பத்தில் இருக்கிறது, இயன்றவர்கள் உதவலாம்’ என்ற குறிப்புடன், பெயரையும் வீட்டு எண்ணையும் நீக்கிவிட்டு, அம்மின்னஞ்சலை அடுக்ககத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் இட்டார். அது யாருடைய கடிதம் என்பதை அன்று மாலைக்குள் அனைவரும் அறிந்துவிட்டனர். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் விடியற்காலையில் வாடகைக் கார் வந்து நிற்பது ஒரே ஒரு வீட்டின் முன்தானே!

எவரும் ஏளனம் செய்யவில்லை. சிலர் உதவ முன்வந்தனர். ஆனால் மளிகைக் கடையில் மாதக் கணக்கு நிறுத்தப்பட்டது. மின்தூக்கியில் உடன் வருவோர் பேச்சைக் குறைத்தனர். சில நாட்கள் கழித்து, மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சிகிச்சை நாட்களைச் சரியாகச் சொல்லி, பணம் திரும்ப வரவிருப்பதாகவும் அதற்கு ஓ.டி.பி. எண் வேண்டும் என்றும் கேட்டார். அம்மையார் விழிப்புடன் இருந்ததால் பணம் போகவில்லை. அந்த விவரம் எந்த வழியாக அவரிடம் சென்றது என்பதை எவராலும் கண்டறிய முடியவில்லை. குழுவில் இட்டது எங்கெங்கு பயணம் செய்யும் என்பதை இட்டவரே அறியார்.

பணத்தை விடப் பெரியதொன்றை அவர் இழந்திருந்தார். தம் நிலையை ஒருவரிடம் நம்பி எழுதும் துணிவே அது. அத்துணிவு இல்லையெனில் அவரால் எங்களிடமும் கடிதம் தர இயலாது. கடிதம் இல்லையெனில் எங்களால் உதவ இயலாது. எனவே இந்தப் பொருளைச் சற்று விரிவாக ஆராய்வது வாடிக்கையாளர்களுக்குப் பயன் தரும் எனக் கருதினோம்.

கடிதம் யாருடைய உடைமை?

நமக்கு வந்த கடிதம் நம்முடையதுதானே, அதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாமே என்று பலர் எண்ணுகிறோம். இக்கேள்வி மின்னஞ்சலுக்கு மிகவும் முற்பட்டது. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் என்னும் கவிஞர் தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்னும் பதிப்பாளர் அச்சிட்டு விற்றார். போப் வழக்குத் தொடுத்தார். 1741-இல் நீதிமன்றம் ஒரு தெளிவான வேறுபாட்டை வரையறுத்தது. கடிதம் எழுதப்பட்ட தாள் பெற்றவருக்குச் சொந்தமாகலாம். அதிலுள்ள எழுத்தை உலகறிய வெளியிடும் உரிமை தாளோடு சேர்ந்து கைமாறுவதில்லை. அது எழுதியவரிடமே தங்குகிறது.

இந்த வேறுபாடு இன்றைய மின்னஞ்சலுக்கும் வழிகாட்டத் தக்கது. நம் பெட்டிக்கு வந்த மடலைப் படிக்கலாம், பாதுகாக்கலாம், அதற்கு ஏற்பச் செயல்படலாம். இவற்றுக்காகவே அது நமக்கு அனுப்பப்பட்டது. இருநூறு பேர் உள்ள ஒரு குழுவில் அதை இடுவது எழுதியவர் எண்ணிப்பாராத ஒரு புதிய செயல். அவர் ஒருவரிடம் பேசினார். நாம் அதை ஓர் அரங்கின் முன்னிலையில் ஒலிக்கச் செய்கிறோம்.

வங்கிக்குத் தெரிந்த பழைய பாடம்

எங்கள் தொழில் இப்பாடத்தை ஒரு தொலைபேசி அழைப்பின் வழியாகக் கற்றது. இங்கிலாந்தில் துர்னியே என்பவரின் கணக்கில் மிகைப்பற்றாகச் சிறு தொகை நிலுவையில் இருந்தது. அவரது முகவரியை அறிய வேண்டி வங்கி மேலாளர் அவர் பணியாற்றிய நிறுவனத்தை அழைத்தார். பேச்சுவாக்கில், நிலுவை இருப்பதையும், வாடிக்கையாளரின் பணம் குதிரைப் பந்தயக்காரருக்குச் செல்வதாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட்டார். துர்னியேயின் வேலை நீட்டிக்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கு 1924-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்று, இன்றளவும் வங்கியியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது.

வாடிக்கையாளரின் விவரத்தை மறைத்துக் காப்பது வங்கியின் கடமை என்றும், நான்கு நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் நிலை, பொதுமக்கள் நலன் கருதிய கடமை, வங்கியின் சொந்த நலன் காக்க வேண்டிய நிலை, வாடிக்கையாளரின் இசைவு ஆகியவையே அந்நான்கும்.

நம் நாட்டில் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளுக்கான 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இக்கடமையை எழுத்து வடிவில் விதிக்கிறது. பணியில் சேரும் அதிகாரி நேர்மையும் மறைகாப்பும் பேணுவதாக உறுதிமொழி அளித்த பின்னரே பொறுப்பேற்கிறார். கனரா வங்கி தொடர்பான வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் மற்றுமொரு கருத்தை உறுதிப்படுத்தியது. ஒருவர் தம் ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்ததனால் அதன் மீதான அந்தரங்கத்தைக் கைவிட்டவர் ஆகமாட்டார். ஒருவரிடம் கொடுத்தது எல்லாரிடமும் கொடுத்ததாகாது என்று இதனை எளிமையாகக் கூறலாம்.

பின்னர் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தனிமனிதர் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது என அதிலேயே கூறப்பட்டுள்ளது. இந்த விலக்கு நியாயமானதே. உறவினரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைப்பதற்கெல்லாம் சட்டம் குறுக்கிட முடியாது. ஆனால் அன்றாட வாழ்வில் நாம் பகிரும் பலவற்றுக்குச் சட்டம் காவல் நிற்பதில்லை என்பதையும் இது உணர்த்துகிறது. அவ்விடங்களில் நம் மனச்சான்றே காவல்.

பெயர் போனாலும் ஆள் போவதில்லை

‘பெயரை நீக்கிவிட்டுத்தானே இட்டேன்’ என்பது அச்செயலரின் விளக்கம். நம்மில் பலரும் இவ்வாறே கூறுவோம். இது எவ்வளவு பலவீனமான அரண் என்பதை 2006-இல் அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று காட்டியது. ஏ.ஓ.எல். என்னும் இணைய நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் நோக்குடன், ஆறரை இலட்சம் பயனாளர்கள் மூன்று மாதங்களில் செய்த சுமார் 2 கோடி இணையத் தேடல்களை வெளியிட்டது. பெயர்கள் நீக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே இடப்பட்டிருந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களைத் தொகுத்துப் பார்த்தனர். ஊர், குடும்பப் பெயர் கொண்ட உறவினர்கள், உடல் உபாதைகள் என்று விவரங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. சில நாட்களிலேயே அவர்கள் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினர். தேடல்கள் தம்முடையவையே என அவர் ஒப்புக்கொண்டார். நிறுவனம் அத்தரவை விலக்கிக்கொண்டு மன்னிப்புக் கோரியது. அதற்குள் அதன் படிகள் பல இடங்களுக்குப் பரவிவிட்டன.

முன்பின் அறியாத அயலாராலேயே ஒருவரைக் கண்டறிய முடிந்ததென்றால், ஒருவரை ஒருவர் நன்கறிந்த ஐம்பது குடும்பங்களுக்கு அது எத்தனை எளிது! மனிதரை அடையாளம் காட்டுவது பெயர் மட்டுமன்று. நோய், ஊர், பணியிடம், பிள்ளைகளின் எண்ணிக்கை, எழுதும் பாணி ஆகிய ஒவ்வொன்றும் ஓர் இழை. நான்கு இழைகள் சேர்ந்தால் முகம் தெரிந்துவிடும்.

இதில் நாங்களும் தவறியதுண்டு. பணியில் சேர்ந்த புதிதில் நாங்கள் பயின்ற பயிற்சி வகுப்பொன்றில், புகார்க் கடிதத்திற்கு எவ்வாறு பதில் எழுதுவது என்பதற்கு எடுத்துக்காட்டாக ஓர் உண்மைக் கடிதம் படிக்கப்பட்டது. பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பாதி படித்து முடிப்பதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு பயிற்சியாளர், “இவர் எங்கள் ஊர் அரிசி ஆலைக்காரர் ஆயிற்றே!” என்றார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாங்களும் சிரித்தோம். அந்த ஆலைக்காரர் அவ்வறையில் இருந்திருந்தால் சிரித்திருப்பாரா என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

கேட்டுக்கொண்டும் காக்கப்படாத பெயர்

சில நேரங்களில் பெயர் வெளிப்படுவதால் சங்கடம் மட்டும் நேர்வதில்லை, உயிருக்கே அச்சம் எழக்கூடும். சத்யேந்திர துபே கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றியபோது தாம் கண்ட முறைகேடுகளை விவரித்து 2002-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தம் அடையாளத்தை மறைத்துக் காக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். அதே வேளையில், பொறுப்பற்ற ஒருவரின் மொட்டைக் கடிதமாகத் தம் கடிதம் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தம்மைப் பற்றிய விவரக் குறிப்பைத் தனித்தாளில் இணைத்தார். கடிதம் அலுவலகம் விட்டு அலுவலகமாக நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டபோது அந்த விவரமும் உடன் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று பீகார் மாநிலம் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழிப்பறி முயற்சியில் நேர்ந்த கொலை என்று புலனாய்வு முடிவு செய்தது. 2010-இல் மூவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கடிதத்தையும் கொலையையும் இணைத்து நாம் இங்கே தீர்ப்புரைக்கவில்லை. ஆனால் அவர் நம்பிக் கேட்ட ஒன்று காக்கப்படவில்லை என்பது நாட்டை உலுக்கியது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டைத் தொடர்ந்து 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. பொது நலன் கருதி மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் முறைகேட்டைத் தெரிவிப்போரின் புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெறுவதற்கும், அவரது பெயரை மறைத்துக் காப்பதற்கும் அது வழிவகுத்தது.

அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. பெயரற்ற கடிதத்தை ஆணையம் ஏற்பதில்லை. எழுதுபவர் தம் பெயரையும் முகவரியையும் தெரிவிக்க வேண்டும். ஆணையம் அதை அறிந்திருக்கும், பிறருக்கு வெளியிடாது. ஆக, அறிய வேண்டியவர் மட்டும் பெயரை அறிந்திருப்பதே முறையான மறைகாப்பு. மின்னஞ்சலைப் பெற்ற நாமும் அத்தகையதோர் ஆணையத்தின் இடத்திலேயே நிற்கிறோம். எழுதியவரின் பெயர் நம்மிடம் இருக்கிறது, நம்மோடு நிற்க வேண்டும்.

பகிர்வதே கடமையாகும் நேரம்

அப்படியானால் எந்த மடலையும் எவரிடமும் காட்டவே கூடாதா? அவ்வாறு கூறுவது பொருந்தாது. மிரட்டல் மடல் வந்தால் காவல்துறையிடம் காட்டத்தான் வேண்டும். வங்கியின் பெயரில் போலி மின்னஞ்சல் வந்தால் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருப்பின் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் எழுதியிருந்தால், அவர் தடுத்தாலும், அவரைக் காக்கக் கூடியவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

துர்னியே வழக்கின் நான்கு விலக்குகளை இங்கே நினைவுகூரலாம். சட்டம், பொது நலன், தற்காப்பு, இசைவு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் பகிர்வதற்கு இடமுண்டு. அப்போதும் தேவைப்படும் ஒருவரிடம், தேவைப்படும் பகுதியை மட்டுமே காட்டுதல் முறை. மோசடி மின்னஞ்சல் குறித்துக் குழுவினரை எச்சரிக்க விரும்பினால் மோசடியின் வழிமுறையைச் சொன்னால் போதும். ஏமாந்தவரின் கணக்கு விவரம் தேவையில்லை. உதவி திரட்டவும் இதே நெறி பொருந்தும். ‘ஒரு குடும்பத்துக்கு மருத்துவ உதவி தேவை, விரும்புவோர் என்னைத் தனியே அணுகலாம்’ என்று அச்செயலர் எழுதியிருந்தால் உதவியும் கிடைத்திருக்கும், கடிதமும் காக்கப்பட்டிருக்கும்.

தம் பெயரை மறைத்துக்கொண்டு பிறர் எழுதியதை வெளியிடுவதும் இன்று காணப்படுகிறது. வலிமை மிக்கவருக்கு எதிராக உண்மையைச் சொல்லும் எளியவருக்கு முகமறைப்பு கவசம். பிறருடைய குடும்ப மடலை அம்பலப்படுத்துபவருக்கு அது வெறும் ஒளிவிடம். இதை நம் பெயருடனும் கையொப்பத்துடனும் வெளியிடுவோமா என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

அனுப்பும் முன் சில கணங்கள்

நடைமுறைக்கு உதவும் சில குறிப்புகளை இங்கே தருகிறோம்.

முதலாவது, எழுதியவரிடம் கேளுங்கள். ‘தாங்கள் அனுப்பியதை இன்னாரிடம் காட்டலாமா?’ என்னும் ஒரு வரி போதும். யாரிடம், எதற்காக என்பதையும் சொல்லிக் கேட்பதே உண்மையான இசைவு. பதில் வராவிட்டால், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, மின்னஞ்சலை மேலனுப்பும் முன் கீழே இறங்கிப் பாருங்கள். பத்து மடல்களுக்கு முன்னர் எழுதப்பட்ட அந்தரங்கச் செய்தியும் முகவரிகளும் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். தேவையான பகுதியை மட்டும் புதிய மடலில் எழுதுவது நலம்.

மூன்றாவது, பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது முகவரிகளைப் ‘பி.சி.சி.’ பெட்டியில் இடுங்கள். பெறுபவர் ஒருவர் மற்றவரின் முகவரியைக் காண இயலாது. ‘அனைவருக்கும் பதில்’ என்னும் பொத்தானை அழுத்தும் முன் அந்த அனைவரும் யார் யார் எனப் பாருங்கள்.

நான்காவது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெயரின் மீது கோடு இழுப்பதை நம்பாதீர்கள். மெல்லிய கோடாயின் அடியிலுள்ள எழுத்து தெரியக்கூடும். முகப்புப் படமும் கணக்கு எண்ணின் இறுதி இலக்கங்களும் ஓரத்தில் எஞ்சியிருக்கும்.

ஐந்தாவது, வங்கியிடம் குறையைத் தெரிவிக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் சிலர், கணக்கு அறிக்கையையும் கடன் கடிதத்தையும் படமெடுத்துப் பொதுவெளியில் இடுகின்றனர். அதைக் கண்டு, வங்கி அலுவலர் போல் நடித்து மோசடியாளர் அழைக்கக்கூடும். கிளை மேலாளரிடமோ வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவிலோ எழுத்து வடிவில் தருவதே பாதுகாப்பானது. உங்கள் கடிதத்தையும் நீங்களே காக்க வேண்டும்.

ஆறாவது, தவறு நேர்ந்துவிட்டால் குழுவில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதை உடனே அழுத்துங்கள். ஆயினும் அதற்குள் படித்தவரின் நினைவையும் எடுக்கப்பட்ட படியையும் அது நீக்காது. ஆகவே எழுதியவரிடம் சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்லி, வருத்தம் தெரிவிப்பது கடமை. பிறர் வாயிலாக அவர் அறிவதை விட நம் வாயிலாக அறிவது மேல்.

அந்தக் கேள்விக்கு எங்கள் பதில்

அப்பெண்மணியின் கேள்விக்கு அன்று பொத்தாம்பொதுவாகப் பதில் கூற மனம் வரவில்லை. கடிதத்தைக் கடன் பிரிவு அதிகாரி படிப்பார், கிளை மேலாளர் படிப்பார், ஒப்புதல் அளிக்கும் மண்டல அலுவலக அதிகாரி படிப்பார், பின்னாளில் தணிக்கையாளர் பார்க்கக்கூடும் என்று ஒவ்வொருவராக எண்ணிச் சொன்னோம். ஒவ்வொருவரும் எதற்காகப் படிக்கிறார் என்பதையும் விளக்கினோம். இவர்களன்றி வேறெவரும் படிக்க உரிமையற்றவர் என்றோம். அவர் சற்று நேரம் யோசித்தார். பின்னர் எழுதத் தொடங்கினார். விதிகளின்படி அவரது தவணைகள் மாற்றியமைக்கப்பட்டன.

இக்கட்டுரையை எழுத எண்ணியபோது முதலில் அவரிடமே அனுமதி கேட்டோம். எழுதி முடித்ததும் படித்துப் பார்க்கத் தந்தோம். ஊர், கிளை, அடுக்ககம் எதுவும் இதில் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அவை தவிர, அவரை அறிந்தோர்க்கு அடையாளம் காட்டிவிடும் என்று அவர் கருதிய இரண்டு விவரங்களும் முதற்படியில் இருந்தன. எங்களுக்கு அவை சாதாரணமாகவே தோன்றின. அவர் பென்சிலால் அவற்றின் மீது கோடிட்டார். “இதை மட்டும் எடுத்துவிடுங்கள், சார். மற்றது இருக்கட்டும். நாலு பேருக்குப் பயன்பட்டால் சரி” என்றார்.

எடுத்துவிட்டோம்.